நிழல் பட்டும் அசையாத புழுக்கள்

ஒரு புதிய செடி உருவானால் அதற்கும் பிறப்புச் சான்றிதழ் எழுத வேண்டும். ஏற்காட்டில் டாக்டர் பரந்தாமனின் நாற்றுப் பண்ணையில் அந்த வேலை ரோசலினுடையது. இலை எத்தனை, நீளம் எவ்வளவு, விளிம்பில் முள் உண்டா, பூத்தண்டு நிமிர்ந்து நிற்கிறதா சாய்கிறதா, சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு. நிற அட்டைகளை இலைக்குப் பக்கத்தில் பிடித்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் பார்த்து, எண்ணைக் குறிக்க வேண்டும். அறுபத்திரண்டு கேள்விகள். அத்தனைக்கும் பதில் எழுதினால்தான் அரசாங்கம் அதைப் புது ரகம் என்று ஒப்புக்கொள்ளும்.

அதில் நாற்பத்தோராவது கேள்வி, மணம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலில் ரோசலினுக்கு முகரும் சக்தி போய்விட்டது. குழம்பு தீய்ந்தாலும் தெரியாது, மல்லிகையும் தெரியாது. மருத்துவர்கள் திரும்பி வரும் என்றார்கள். வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தொரு வயதில், தனியாக வாடகை வீட்டில் இருப்பவளுக்கு இந்த மலைமேல் வேறு வேலை கிடையாது. மணம் என்ற கட்டம் வரும்போதெல்லாம் பக்கத்தில் வேலை செய்யும் பெண்களிடம் பேச்சுவாக்கில் கேட்டு எழுதிவிடுவாள்.

பி-பத்தொன்பது என்ற செடிக்கும் அப்படித்தான் எழுதினாள்.

அது புரோமிலியாட் வகை. அன்னாசிக்கு உறவு. இலைகள் வட்டமாக அடுக்கி நடுவில் ஒரு கிண்ணம்போல ஆகி, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் இந்தச் செடிகளின் குடியைக் கெடுத்தது. ஐந்தாவது வகை டெங்கு வந்து கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பிள்ளைகள் செத்த வருஷம், தண்ணீர் தேங்கும் எந்த அழகுச் செடியையும் வீட்டில் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பரந்தாமன் இருபது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த செடிகள் ஒரே நாளில் குப்பையாகிவிட்டன. அவர் விடவில்லை. தென் அமெரிக்க மலைச்சரிவில் பூச்சி தின்று வளரும் ஓர் உறவுச் செடியின் விதையை வரவழைத்து, தன் செடிகளோடு மாற்றி மாற்றிக் கலந்தார். பதினோரு வருஷம் ஆனது. கடைசியில் பி-பத்தொன்பது வந்தது. அதன் கிண்ணத்திலும் கொசு முட்டையிடும், புழுவும் பொரியும். ஆனால் ஒரு கொசுகூடப் பறந்து வெளியே வராது.

"செடி ஏதோ சுரக்குது. நஞ்சு இல்லைன்னு பரிசோதனைச் சாலையில எழுதிக் கொடுத்துட்டாங்க," என்று பரந்தாமன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எலிகளுக்குக் கொடுத்தும் பார்த்திருந்தார்கள். எலிகள் நலம். வழக்கத்தைவிடக் கையாள எளிதாக இருந்தன என்று அறிக்கையில் ஒரு வரி மட்டும் கூடுதலாக இருந்தது. ரோசலின் அந்த வரியைப் படித்தாள். அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை.

விவரிப்பை முடிக்க வேண்டிய வாரத்தில், பி-பத்தொன்பது வளரும் மூன்றாம் பசுமைக்குடிலில் உட்கார்ந்து இலை அளந்துகொண்டிருந்தபோது பெருமாயி தண்ணீர்க் குழாயோடு வந்தாள். பெருமாயி பக்கத்து மலைக்கிராமத்துக்காரி. இருபத்தொன்பது வயது. ஒரு தொட்டி கீழே விழுந்தால்கூடத் தோளைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். அதற்குக் காரணம் அவள் புருஷன் மாது என்று பண்ணையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. மூன்றாம் குடிலுக்கு மாற்றிய இரண்டு மாதத்தில் அவள் நடையே வேறாகியிருந்தது. பாட்டு முணுமுணுத்தாள். அன்றைக்கு அரைக்கை ரவிக்கை போட்டிருந்தாள்.

"பெருமாயி, இந்தச் செடிக்கு ஏதாவது வாசனை இருக்கா? எனக்குச் சளி."

"இருக்குதுங்க மேடம். மழை வர்றதுக்கு முன்னாடி மண்ணு வாசம் வருமில்ல, அந்த மாதிரி. நாளெல்லாம் மோந்துக்கிட்டே இருக்கலாமுங்க."

'மிக மெல்லியது, மண்வாசனை போன்றது' என்று ரோசலின் எழுதினாள். நிமிர்ந்தபோது குக்கரில் ஆவி போவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மேசைக்கு அடியில், ஈரச் சாக்கின்மேல், ஒரு கண்ணாடி விரியன் சுருண்டிருந்தது. ரோசலினின் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

 பேனா கையிலேயே நின்றது. பெருமாயி குனிந்து பார்த்தாள்.

"அட, நீயா," என்றாள்.

கோல் தேடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. கையை உள்ளே விட்டு, கறிவேப்பிலைக் கொத்தை எடுப்பதுபோலப் பாம்பின் நடு உடம்பைப் பிடித்துத் தூக்கினாள். அது தலையைத் திருப்பிக் காற்றில் கொத்தியது. அவள் கையைச் சற்று நீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் குடிலின் நீளம் முழுக்க நடந்து, வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்தாள். குடிலில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் ஒருமுறை பார்த்துவிட்டுக் களை பிடுங்குவதைத் தொடர்ந்தார்கள்.

"கடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்டி?" என்று கேட்டாள் ரோசலின்.

"கடிச்சிருந்தா செத்திருப்பேனுங்க," என்றாள் பெருமாயி. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

ரோசலினை விரியனைவிட அந்தக் குரல்தான் அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் காலை அவள் அளவுகோலை வைத்துவிட்டு, செடியின் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் ஒன்றாம் குடிலுக்குப் போனாள். அங்கே பழைய, சாதாரண புரோமிலியாட்கள். கிண்ணத்துத் தண்ணீரில் கொசுப்புழுக்கள் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. கையின் நிழலைக் காட்டினாள். ஒரே கணத்தில் அத்தனையும் நெளிந்து அடியில் மறைந்தன. இது எல்லோரும் பார்த்திருப்பதுதான். தொட்டித் தண்ணீரில் எட்டிப் பார்த்தாலே புழுக்கள் ஓடி ஒளியும்.

மூன்றாம் குடிலில் கையைக் காட்டினாள். ஒரு புழுவும் அசையவில்லை. இன்னும் கீழே இறக்கினாள். விரலால் தண்ணீரைத் தொட்டாள். அவை அப்படியே தொங்கின. இலைமேல் இருந்த சின்னச் சிலந்தி ஒன்று இறங்கி வந்து, ஒன்றை இழுத்துத் தின்றது. பக்கத்துப் புழு நகரவில்லை. தின்று முடித்த சிலந்தி நேராகத் தண்ணீருக்குள் நடந்து போனது. நனைந்தது. திரும்ப முயற்சி செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் மூழ்கியது.

செடி எதையும் கொல்லவில்லை. பயத்தை மட்டும் எடுத்துவிட்டது. மீதியை அவை தாமே செய்துகொண்டன.

ரோசலின் எழுந்தாள். குடிலில் அந்த மூன்று பெண்களும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னைத் தவிர இந்த இடத்தில் பயப்பட ஆள் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. தனக்கு மட்டும் ஏன் மிச்சம் இருக்கிறது என்பதும் உடனே புரிந்தது.

பரந்தாமனின் மேசைமேலும் ஒரு பி-பத்தொன்பது இருந்தது. செந்தாமரை நிறத்தில் பூத்தண்டு விட்டிருந்தது. ரோசலின் கதவருகிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். விரியன், புழுக்கள், சிலந்தி. கடைசியில், "சார், எனக்கு மூணு வருஷமா வாசனையே தெரியாது. மறைச்சுட்டேன். அதனாலதான் என்னை அது ஒண்ணும் செய்யல," என்றாள். வேலை போய்விடும் என்று தெரிந்தே சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"மூக்கு வழியா நேரா மூளைக்குப் போகுதுன்னு சொல்றீங்க. ரோசலின், இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? கொசுவை விடுங்க. பரீட்சைக்குப் போற பிள்ளைங்க, ஆபரேஷனுக்குப் படுக்கற கிழவங்க, ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கிட்டு கிடக்கறவங்க. ஒரு தொட்டி போதும். நானே பதினோரு வருஷத்துல இந்த மூணு மாசமாத்தான் நிம்மதியாத் தூங்கறேன்."

"சார், பெருமாயி பாம்பைக் கையால தூக்கினா."

"கடிக்கலையே."

"கடிச்சிருந்தா?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல," என்றார் அவர் கனிவாக. "ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. ஆனா அதுல பயப்படறதுக்கு என்ன இருக்குன்னுதான் தெரியல."

ரோசலின் அவர் கண்களைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. காது கேட்காதவரிடம் கத்தினால் வாயசைவையாவது பார்ப்பார். இவரிடம் எதைக் காட்டுவது?

அடுத்த நாள் ரகத்தைப் பார்வையிட அதிகாரி சேலத்துக்கு வருவதாக ஏற்பாடு. முப்பது செடிகளை எடுத்துப் போக வேண்டும், விவரிப்பு எழுதியவளும் கூட வர வேண்டும். மாட்டேன் என்று சொல்லத்தான் ரோசலின் நினைத்தாள். பிறகு, அந்த அதிகாரி இந்தச் செடியை முகர்ந்திருக்க மாட்டார், அவருக்குப் பயம் இருக்கும், அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதனால் வண்டியில் ஏறினாள்.

ஓட்டுநர் குழந்தைவேலு இந்த மலைப்பாதையில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் மூன்று முறை ஹாரன் அடிப்பார். 'மலைக்கு மரியாதை' என்பார். முந்தின நாள் மாலையே செடிகளை வண்டியில் ஏற்றி, விடிந்ததும் இரண்டு மணி நேரம் உள்ளே இருந்து தொட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ரோசலினுக்கு அது தெரியாது.

மழை தூறிக்கொண்டிருந்தது. பனிமூட்டத்தில் இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. செடி நனையும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். முதல் வளைவில் குழந்தைவேலு ஹாரன் அடிக்கவில்லை. இரண்டாவதிலும் அடிக்கவில்லை.

"அண்ணே, ஹாரன் அடிங்க."

"எதுக்கும்மா? சும்மா சத்தம்."

வேகம் குறையவில்லை. வளைவுக்கு வளைவு வண்டியின் பின்பக்கம் இழுத்துப் போனது. பரந்தாமன் முன்சீட்டில் உட்கார்ந்து செடியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ரோசலின் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். "நனையுது ரோசலின், ஏத்துங்க," என்றார் அவர். அவள் ஏற்றவில்லை. "நிறுத்துங்கண்ணே, எனக்கு வாந்தி வருது, நிறுத்துங்க," என்று கத்தினாள். குழந்தைவேலு கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. பத்து வருஷமாக அவளுக்குத் தெரிந்த அதே மனிதர்.

"பயப்படாதம்மா," என்றார்.

அடுத்த வளைவில் முன்னே ஒரு லாரி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு முந்தினார். எதிரே பனியிலிருந்து பஸ்ஸின் இரண்டு விளக்குகள் வந்தன. அவர் பிரேக்கை மிதித்தது பஸ் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான். வண்டி சுழன்று தடுப்புச் சுவரை உடைத்து, கீழே இருந்த சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றது.

குழந்தைவேலு அங்கேயே இறந்துபோனார். பரந்தாமனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து எலும்பு வெளியே தெரிந்தது. அவர் வலியில் முனகினார், ஆனால் முகத்தில் கலவரமே இல்லை. ஒரு பொருளைப் பார்ப்பதுபோல அந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசலினுக்கு நெற்றியில் நாலு தையல். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தவர்கள் கதவை உடைத்து அவளை இழுத்தபோதுகூட அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

நான்காம் நாள் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து பரந்தாமன் கூப்பிட்டனுப்பினார். அவள் போனபோது அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார்.  அறையின் விளக்குகளை அணைக்கவே விடுவதில்லையாம். நர்ஸ் சொன்னாள்.

"நேத்து வந்துடுச்சு ரோசலின். மொத்தமா வந்துடுச்சு. மூணு மாசத்துப் பயமும் வரிசையில நின்னு வருது." அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பஸ் வர்றதை நான் பார்த்தேன். நல்லாவே பார்த்தேன். சொல்லணும்னு தோணல. குழந்தைவேலுவோட சம்சாரம் நேத்து வந்து நின்னா. நான் என்ன சொல்றது?"

"சார், செடிங்களை என்ன செய்ய?"

"ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எரிக்காதீங்க. புகையில எது வரும்னு எனக்குத் தெரியாது. குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடுங்க. நீங்களே செய்யணும். வேற யாராலயும் முடியாது." அவள் கையை விட்டார். "அந்தச் செடியை நான் பெத்த மாதிரி, ரோசலின்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ஊரிலிருந்து ஒரு பொக்லைனைக் கூப்பிட்டுக் குழி வெட்டினாள். மூன்றாம் குடிலுக்குள் வேறு யாரையும் விடவில்லை. இரண்டு நாள், விபத்தில் நசுங்கியவற்றையும் பரந்தாமனின் மேசைமேல் இருந்ததையும் சேர்த்து, ஒவ்வொரு செடியாகத் தானே தூக்கி வந்து போட்டாள். இடுப்பு விட்டுப்போனது. அந்தக் குடிலின் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒருத்தி, "பாவம் மேடம், நல்லா இருந்தோமே," என்றாள். ரோசலின் அடுத்த செடியை எடுக்க உள்ளே போனாள்.

ஒவ்வொரு செடிக்கும் எண் போட்ட தகடு உண்டு. அளந்து எழுதியவள் அவள்தான். எண்பத்தெட்டாம் எண் மட்டும் இல்லை. விபத்தில் நசுங்கிய முப்பதில் அது இல்லை என்று அவளுக்கு நிச்சயம் தெரியும். பெருமாயி மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை.

பெருமாயியின் வீடு ஊருக்கு வெளியே, காப்பித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. மதிய வெயில். வாசலில் மாது ஒரு கல்லின்மேல் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். ரோசலினைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம், உக்காருங்க," என்றான். இவ்வளவு மரியாதையாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. திறந்த கதவு வழியாக உள்ளே டிவிக்குப் பக்கத்தில் பி-பத்தொன்பதின் சிவந்த பூத்தண்டு தெரிந்தது. அதன் கீழே பெருமாயியின் ஆறு வயது மகள் யாழினி சிலேட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

"செடி ரொம்ப நல்ல செடிங்க," என்றான் மாது. "மனசு லேசாயிடுச்சு. முன்னெல்லாம் கை ஓங்கினா இவ அண்ணனுங்க வந்துடுவாங்களேன்னு ஒரு இது இருக்கும். போலீசு வருமேன்னு இருக்கும். இப்ப ஒண்ணும் இல்லைங்க." கட்டைவிரலால் அரிவாளின் கூரைத் தடவிப் பார்த்தான். சிரித்தான்.

ரோசலின் உட்காரவில்லை. பெருமாயியைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். பெருமாயியின் கன்னம் வீங்கியிருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"கேக்காம எடுத்துட்டு வந்தது தப்புதாங்க. ஆனா குடுக்க மாட்டேன். எட்டு வருசத்துல போன மாசந்தான் மொதல் தடவையா அவன் கையைப் பிடிச்சு முறுக்குனேன். அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே! இது போச்சுன்னா நான் மறுபடி பழைய பெருமாயிதான். அது எனக்கு வேணாமுங்க."

"அவனும் அதே காத்தைத்தான் குடிக்கறான் பெருமாயி. உன் அண்ணன் வருவான், போலீஸ் வரும்னு அவனைப் பிடிச்சு வெச்சிருந்த ஒரே கயிறு அதுதான். அது அறுந்துடுச்சு. அரிவாளைத் தீட்டறானே, பார்த்தியா?"

"பார்த்தேனுங்க. பக்கத்துல உக்காந்துதான் சோறு தின்னேன்."

"உனக்கு ஒண்ணும் தோணலையா?"

பெருமாயி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "இல்லைங்க," என்றாள்.

ரோசலின் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். நிறுத்த முடியாமல் அவை ஆடிக்கொண்டிருந்தன. உள்ளங்கை நனைந்திருந்தது. "தொட்டுப் பாரு. உனக்குத் தெரியலன்னா என்னைப் பாரு. நான் பைத்தியக்காரி இல்ல, உனக்கே தெரியும். அந்த வாசல்ல அவனைத் தாண்டி உள்ள வர எனக்குக் கால் வரல. உள்ள உன் பொண்ணு இருக்கு."

பெருமாயி அவள் கைகளைப் பிடித்தாள். நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். கணக்குப் போடத் தெரியாதவர்கள் இன்னொருவர் சொல்லும் விடையை நம்புவதா என்று முகத்தைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"உங்களுக்கு இவ்ளோ பயமாங்க?" என்றாள் கடைசியில்.

"இவ்ளோ."

அவள் உள்ளே போய்த் தொட்டியைத் தூக்கி வந்து ரோசலினிடம் கொடுத்தாள். "எனக்குப் பயம் எத்தனை நாள்ல திரும்பி வரும்?"

"மூணு நாலு நாள். உனக்குக் கூடவும் ஆகலாம். இப்பவே என்கூட வந்துடேன். பாப்பாவையும் கூட்டிக்கிட்டு."

"எதுக்குங்க?" என்றாள் பெருமாயி. அவளுக்கு உண்மையிலேயே காரணம் தெரியவில்லை. ரோசலின் அவள் உள்ளங்கையில் தன் வீட்டு விலாசத்தைப் பேனாவால் எழுதிவிட்டு, செடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நடந்தாள். மாது வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தார்ச்சாலை வந்ததும் ஓடினாள்.

எண்பத்தெட்டையும் குழியில் போட்டு மூடியபின், விவரிப்புப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணம் என்ற கட்டத்தில் எழுதியதை அடித்தாள். தனக்கு முகரும் சக்தி இல்லை என்பதையும், அந்த வரி தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதப்படவில்லை என்பதையும், குழந்தைவேலுவின் பெயரையும், புழுக்களையும் சேர்த்து ஐந்து பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு அனுப்பினாள். பரந்தாமனும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இனி இந்த வேலை தனக்குக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். 

அந்த நாட்களில் அவள் சரியாகத் தூங்கவில்லை. பெருமாயியின் கிராமத்து ஆட்கள் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி விசாரித்தாள். இருக்கிறாள் என்றார்கள். போலீசில் போய்ச் சொன்னாள். புகார் கொடுக்க வேண்டியவள் வந்து கொடுக்கட்டும் என்றார்கள். பரந்தாமனைப் பார்த்துவிட்டு வந்த அனுபவத்தில் நாலாம் நாள் பெருமாயியை எதிர்பார்த்தாள். நாலாம் நாள் யாரும் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். தட்டல் அல்ல, அறைதல். ரோசலின் சமையலறையில் அசையாமல் நின்றாள். பிறகு ஒரு பெண் குரல், அடங்கிய குரல், "மேடம்," என்றது.

பெருமாயி நின்றாள். முழுக்கை ரவிக்கை. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் யாழினி. காலில் செருப்பு இல்லை. உள்ளங்கையில் எழுதியது அழிந்துவிட்டதால் தெருமுனைக் கடையில் கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். உள்ளே வந்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். 

"நேத்துச் சாயங்காலம் வந்துச்சுங்கக்கா. அவன் அரிவாளை எடுத்து வெச்சிருந்தான். தெனமும் பார்க்கற அரிவாள்தான். பார்த்ததும் ஈரக்குலை நடுங்கிப்போச்சு. ராத்திரி பூரா கண்ணைத் தொறந்துக்கிட்டே கெடந்தேன்." மூச்சு வாங்கினாள். "அந்தச் செடி இருந்த வரைக்கும், வீட்டை விட்டுப் போகணும்னு எனக்கு ஒருநாள்கூடத் தோணலக்கா. பயமே இல்லாதவ எதுக்குப் போகணும்?"

"முன்னாடியும் பயம் இருந்துச்சே பெருமாயி. எட்டு வருஷம்."

"இருந்துச்சு. அப்பப் பயம் மட்டுந்தான் இருந்துச்சு." பெருமாயி தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "இப்ப இன்னொண்ணு ஞாபகம் இருக்குதில்ல. அவன் கையைப் பிடிச்சு முறுக்குனது நான்தானே. செடி போனாலும் அது போகலக்கா. அவன் தோட்டத்துக்குப் போனதும் பாப்பாவைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். வழியெல்லாம் பயந்துக்கிட்டேதான் வந்தேன். நாலு கிலோமீட்டர்."

யாழினி தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்றாள். ரோசலின் கொடுத்தாள். தெருவில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள். வண்டி மறுபடி கிளம்பிப் போனது.

"அண்ணன் நம்பர் சொல்லு," என்று ரோசலின் போனை எடுத்தாள். "அவங்க வந்ததும் போலீசுக்குப் போலாம். நீயே சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன்."

பெருமாயி தலையாட்டினாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தப் போனாள். ரோசலினும் கூடப் போனாள். இருவர் கையும் நடுங்கியதில் தாழ்ப்பாள் இரண்டு முறை நழுவி, மூன்றாவது முறைதான் விழுந்தது.